சின்னம்மா கேட்ட கேள்வி

ஆந்திரா தனி மாநிலமாகிவிட்டிருந்தது. எல்லை மட்டும் முடிவாகவில்லை. எங்கள் ஊர் சித்தூர் எந்தப் பக்கம் என்று என் அப்பா, நைனா, கடைத்தெருவிலிருந்து தினமும் ஒரு புது வதந்தி கொண்டுவருவார். சின்னம்மாவுக்கு அதில் அக்கறையே கிடையாது. அம்மாவின் தங்கை அவள். சின்ன வயசிலேயே கணவனை இழந்து, திருப்பதியில் டீச்சர் ட்ரெயினிங் முடித்து, எங்களோடு இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான் அவளுடைய வாரமே நகரும்.

அன்று மாலை, வயதான வக்கீல் ஒருவர் தன் வீட்டுக் கூடத்தில் புத்தரைப் பற்றிப் பேசுவார். ஆண்கள் கூடத்தில், பெண்கள் பக்கத்து அறையில், பாதி திறந்த கதவுக்குப் பின்னால். எனக்குப் பதினைந்து வயது, சின்னம்மாவோடு ஒட்டிக்கொண்டு போவேன்.

ஒருநாள், புத்தரைப் பெற்றவளின் தங்கை, அவரை வளர்த்த தாய், துறவு கேட்டு வந்த கதை. புத்தர் முதலில் மறுத்தாராம்; அவள் வாசலில் நின்று அழுதாளாம். பிறகு சேர்த்துக்கொண்டாலும், நரைத்த துறவினிகூட அன்றைக்குச் சேர்ந்த இளம் துறவியை வணங்கவேண்டும் என்று விதியாம்.

சின்னம்மா எழுந்து கதவருகே போனாள்.

"ஐயா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளும்மா."

"நான்னு நிலையா எதுவும் இல்ல, எல்லாம் மாறிக்கினே இருக்குதுன்னு போன வாரம் சொன்னீங்க. அப்போ ஆம்பள யாரு, பொம்பள யாரு? யாரு யாரைக் கும்பிடறது?"

கூடத்தில் யாரோ சிரித்தார்கள். வக்கீல் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பெரியவங்க நிறைய சமாதானம் சொல்லியிருக்காங்க. எனக்கே எதுவும் ஒப்பலம்மா."

"பெத்தவ செத்தப்புறம் தூக்கி வளத்தவ, ஐயா. அவளும் ஒரு சின்னம்மாதான். அவளையே வாசல்ல அழவிட்டாங்களே!"

அவள் அறைக்குத் திரும்பவில்லை. நேராகக் கூடத்துக்குள் போய் ஜமுக்காளத்தின் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஓடிப்போய் நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். வக்கீல் பேச்சைத் தொடர்ந்தார்.

வீட்டுக்கு வருமுன் சேதி வந்துவிட்டது.

"ஊரு என்னா பேசும்?" என்றார் நைனா.

"ஊரு எந்தப் பக்கம்னே நீங்க இன்னும் பேசிக்கினுதானே இருக்கீங்க, மாமா?"

நைனா சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே போய்விட்டார். அடுத்த ஞாயிறு அம்மாவும் எங்களோடு வந்து கூடத்தில் உட்கார்ந்தாள்.

பிறகு எல்லை முடிவாயிற்று. திருத்தணி மெட்ராஸ் பக்கம் போயிற்று, நாங்கள் ஆந்திரா பக்கமே. வக்கீல் தன் மகள் வீட்டோடு இருக்க மெட்ராஸ் போனதும், ஞாயிறுகள் எங்கள் முன்னறைக்கு வந்தன. சின்னம்மா படிப்பாள்; வந்தவர்கள் இடம் கிடைத்த பக்கம் உட்காருவார்கள். நைனா பேப்பர் படிப்பதுபோல் இருந்துகொண்டு நடுநடுவே சந்தேகம் கேட்பார். அவள் புத்தகத்தில் விரலை வைத்தபடி, அவரோடு விளக்கேற்றும் நேரம்வரை வாதாடுவாள். அந்தச் சத்தம் இல்லாத ஞாயிறுகள் இன்றும் எனக்குப் பழகவில்லை.