இரண்டாவது படலம்

ஹேமா மேடம் இறந்த செய்தி வந்தபோது நான் லேப்பில் அவருடைய தொட்டிக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன். துறை அலுவலகத்திலிருந்து சரவணன் போன் செய்தார். "சார், மேடம் போயிட்டாங்க. வீட்லதான் வெச்சிருக்காங்க. மூணு மணிக்கு எடுக்கறாங்களாம்." அப்போது உச்சிவேளை. தாம்பரத்தில் இருக்கும் எங்கள் கல்லூரியிலிருந்து ராஜகீழ்ப்பாக்கத்தில் அவர் வீடு ஒன்றும் தூரமில்லை. உடனே கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பவில்லை. இரங்கல் கூட்டத்தில் இதைப் பற்றிச் சொல்லப்பட்ட ஒரு பொய்க்கு வாய்மூடித் தலையாட்டிவிட்டும் வந்தேன். அவரை அறிந்த உங்களிடமாவது உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

அவரும் நானும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவர் வேதியியல், நான் இயற்பியல். சேர்ந்து செய்த வேலை பாஸ்போலிப்பிட் படலங்கள். நம் உடலின் ஒவ்வொரு செல்லையும் போர்த்தியிருக்கும் கொழுப்பு அது. அதைத் தொட்டித் தண்ணீரின் மேல் ஒற்றை மூலக்கூறு கனத்தில் பரப்பி, இரு பக்கத் தடுப்புகளையும் மெல்ல நகர்த்தி நெருக்க வேண்டும். முன்பே தண்ணீருக்குள் நிறுத்திவைத்த கண்ணாடித் தகட்டைப் பிறகு நிதானமாக மேலே இழுத்தால் படலம் அதில் ஒட்டிக்கொண்டு வரும். எனக்கு எப்போதும் அவசரம். நெருக்கியதும் இழுக்கப் பார்ப்பேன். "நெருக்கறது பெரிசில்ல சார். நெருக்கின பிறகு அழுத்தம் இறங்காம நிக்குதா, அதைப் பாருங்க," என்பார். நிற்காத படலத்தைத் தகட்டில் ஏற்றினால் ஓட்டை ஓட்டையாகத்தான் வரும்.

ஆயுத பூஜை அன்று லேப்பில் எல்லாக் கருவிகளுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்போம். ஒரு வருடம் பக்தி முற்றி, சாம்பிராணித் தட்டோடு நான் தொட்டி வரைக்கும் போய்விட்டேன். அந்தப் புகை பட்ட தண்ணீர் எதற்கும் ஆகாது. இயற்பியல் படித்தவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டாமா? மேடம் திட்டவில்லை. "சரஸ்வதிக்கு வெளிப்பெட்டியில பொட்டு வெச்சாலே போதும் சார். உள்ள வரணும்னா அவங்களும் கையக் கழுவிட்டுத்தான் வரணும்," என்றார். அன்று முழுக்கத் தொட்டியைக் கழுவினோம். பொரியும் கடலையும் அவர்தான் எடுத்து வைத்திருந்து கொடுத்தார்.

இன்னொரு நாள், பல வாரங்களாகச் சரிவராத ஒரு படலம் அவருக்குக் கடைசியில் நின்றது. தகடு பாதி மேலே வந்திருந்தது. அப்போது பக்கத்து வீட்டுக்காரர் எனக்குப் போன் செய்தார். என் மனைவிக்கு மூச்சுத்திணறல், ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறார்கள். என் வண்டி மெக்கானிக்கிடம் இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் மேடம் தகட்டை இழுக்கும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்துவிட்டார். "மேடம், தகடு..." என்றேன். "படலம் நாளைக்கும் போடலாம். வாங்க சார்," என்றார். மனைவி பிழைத்துக்கொண்டாள். அந்தப் படலம் அப்புறம் ஒரு மாதத்துக்கு அவருக்கு வரவே இல்லை. ஒருநாளும் அதை அவர் சொல்லிக்காட்டியதில்லை.

இப்போது அன்றைய மதியம். போன் வந்தபோது படலம் நின்றிருந்தது, தகடு ஏறிக்கொண்டிருந்தது. இது முடியட்டும், மூன்று மணிக்குத்தானே என்று நினைத்தேன். முடிந்தது. ஒரு படலம் அருமையாக ஏறியிருந்தது. அதைக் கொஞ்சம் காயவிட்டு மறுபடி தண்ணீருக்குள் இறக்கினால் அதன் மேல் இரண்டாவது படலம் ஒட்டும். இவ்வளவு நன்றாக அது வாய்ப்பது அபூர்வம். காயும் நேரத்தில் கடிகாரத்தைப் பார்த்தேன். அப்போது கிளம்பியிருந்தாலும் போய்ச் சேர்ந்திருப்பேன். இறக்கினேன். மனுஷன் செய்கிற வேலையா இது?

வீட்டுக்குப் போனபோது வாசலைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்கள். அவருடைய நாத்தனார் வாளியோடு நிமிர்ந்து பார்த்தார். "இப்பதான் சார் எடுத்தாங்க. நீங்க வந்துடுவீங்கன்னு அண்ணன் கொஞ்ச நேரம் நிறுத்தி வெச்சிருந்தாரு. ஐயர் அவசரப்படுத்தினாரு." ஈரத்தில் கால் வைக்கக் கூசியது.

சுடுகாட்டுக்கு ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் அங்கேயும் எல்லாம் முடிந்திருந்தது. முகம் பார்க்கக் கிடைக்கவில்லை. அவர் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "லேப்ல வேலையா இருந்திருப்பீங்க. அவளுக்குப் புரியும் சார்," என்றார். நான்கு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. இரங்கல் கூட்டத்தில் எங்கள் முதல்வர் ஒரு படி மேலே போய், அவர் விட்ட வேலையைக் கண்ணீரோடு முடித்துவிட்டு வந்தவர் என்று என்னைப் புகழ்ந்தார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் தலையாட்டினேன். அன்று லேப்பில் என் கண்ணில் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. சந்தோஷமாகக்கூட இருந்தேன்.

அந்தத் தகடு தண்ணீர்க் குப்பியில் இருக்கிறது. அளந்து பார்த்த மாணவி இவ்வளவு சுத்தமான படலத்தைப் பார்த்ததில்லை என்கிறாள். கட்டுரையில் போடலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றுவிட்டேன்.

மேடமிடமிருந்து எனக்கென்று நான் வைத்திருப்பது ஒரே ஒரு பேச்சு. "படலம் நாளைக்கும் போடலாம். வாங்க சார்." அன்று அது நினைவுக்கு வரவில்லை என்று சொன்னால் நீங்கள் மன்னித்துவிடுவீர்கள். வந்தது. தகடு காய்ந்துகொண்டிருந்தபோது அவர் குரலிலேயே வந்தது. அதற்குப் பிறகுதான் இறக்கினேன்.