எண்ணெய் இல்லாத தாளிப்பு

எண்ணெய் இல்லாத சட்டியில் கடுகைப் போட்டால் வெடித்துச் சிதறும். கறிவேப்பிலை அப்படியே கருகும். அந்தக் காந்தல் வாடையோடுதான் அண்ணியின் கடைசி மாதங்கள் எனக்கு நினைவிருக்கின்றன. அரியலூரில் சிமெண்ட் ஆலைக் குடியிருப்பில் இருந்தார்கள். அண்ணன் அங்கே ஃபிட்டர். அண்ணிக்கு மார்பில் புற்றுநோய் என்று திருச்சியில் சொன்னபிறகு, பெரம்பலூரிலிருந்து வாராவாரம் பஸ் பிடித்துப் போய்வந்தேன்.

அண்ணியின் தம்பி அப்போது சென்னையில் ஆராய்ச்சி மாணவன். அக்காவைப் பார்க்க ரயிலில் வந்தவனை அண்ணன் துளைத்தெடுத்துவிட்டார், 'நீ படிக்கிறதுல இதுக்கு ஒண்ணும் இல்லையா மாப்ள?' என்று. அவனும் சொன்னான். புற்றுச் செல் தனக்கு வேண்டிய கொழுப்பைத் தானே தயாரித்துக்கொள்கிறதாம். அதற்கென்று ஒரு நொதி உண்டாம். அதை முடக்கினால் கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்கள் செத்துப்போகின்றனவாம். 'இன்னும் மருந்தா வரல மாமா, தட்டுலதான் பாத்திருக்கோம்' என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அண்ணன் காதில் ஏறியது கொழுப்பு என்ற ஒரே சொல்.

மறுநாளே எண்ணெய் டின் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. 'கொழுப்பை நிறுத்துனா நோவு பட்டினி கெடந்து சாவும் பாப்பா' என்றார் என்னிடம். தீபாவளிக்குப் பலகாரம் இல்லை. அது போகட்டும், விடிகாலையில் தலைக்கு எண்ணெய் வைக்கவும் தடை! முடியெல்லாம் கொட்டி வறண்டு கிடந்த தலையைத் தடவிக்கொண்டு, 'ஒரு சொட்டு வச்சா மண்டைக்குள்ளயா எறங்கிடும்?' என்று அண்ணி சிரித்தார். பக்கத்து வீட்டில் ஒரு சொட்டு வாங்கிவரலாமா என்று எழுந்தேன். ஆனாலும் படித்த பிள்ளை சொன்னதாயிற்றே, நான் என்னத்தைக் கண்டேன்?

அண்ணி இளைத்துக்கொண்டே போனார். எடை ஏறாவிட்டால் அடுத்த கீமோ ஊசி போட முடியாது என்று டாக்டர் கையை விரித்தார். அண்ணனோ, நோய்தான் கரைகிறது என்று நம்பினார். நான் பயந்துபோய் அண்ணியின் தம்பிக்குப் போன் செய்தேன். ஓடிவந்தவன், 'செல்லு தானா செய்யிற கொழுப்பைத்தானே மாமா சொன்னேன்! அக்கா சோத்துல கைவைக்க யாரு சொன்னா?' என்று கத்திவிட்டு அழுதான். அண்ணன் கடைக்குப் போய்க் கடலை எண்ணெய் வாங்கிவந்து, தோசையை எண்ணெயில் மிதக்கவிட்டுச் சுட்டுக் கொடுத்தார். அண்ணிக்கு எடை கொஞ்சம் ஏறியது, ஊசியும் போட்டார்கள். தை பிறந்ததும் அண்ணி போய்விட்டார்.

அண்ணன் இப்போது எங்களோடு பெரம்பலூரில் இருக்கிறார். அந்த நொதியைப் பற்றிப் பேப்பரில் ஏதாவது வந்தால் படிக்கச் சொல்வார். படிக்கப் படிக்க எனக்குக் குழப்பம்தான் மிச்சம். தம்பி பேராசிரியராகிவிட்டான், திவசத்துக்குத் தவறாமல் வருவான். போன முறை சாப்பிட்டுக் கை கழுவியவனை அண்ணன் மடக்கினார்.

'எண்ணெயை நிறுத்துனதால போனாளா, திரும்ப ஊத்துனதால போனாளா? ரெண்டுல ஒண்ணு சொல்லு மாப்ள.'

'ரெண்டாலயும் இல்ல மாமா. நோய் முத்திப்போச்சு, அவ்ளோதான்.'

அவருக்கு அது ஆறுதலாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். அண்ணன் முகம் சுருங்கிப்போனது.

'அப்ப அவளுக்கு நான் ஒண்ணுமே செய்யலையாடா?'