கேட்காமற் கப்பலேறியவன்

எங்கள் ஊரார் போற்றும் காதற் புதினம் ஒன்று உண்டு. அதன் பெயரை இங்கே எழுதாமல் விடுகிறேன். குறை சொல்லப் புகுமிடத்துப் பெயரை மறைப்பது ஒரு நாகரிகம். புதுச்சேரியில் தமிழ் படிக்கும் வீடுகளில் அதனை அறியாதார் மிகச் சிலரே. திருமணங்களில் அதைப் பரிசாக அளிக்கிறார்கள். காதலர் இருவரும் மாண்டுபோகும் கதையை மணமக்கள் கையில் கொடுக்கலாமா என்று எவரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

கதை எளியது. துறைமுகக் கிடங்கில் பணிபுரியும் இளைஞன் ஒருவன் அடுத்த தெருப் பெண்ணை விரும்புகிறான். அவளுக்கு வேறிடத்தில் மணம் உறுதியாகிவிட்டது என்று அவனுடைய மாமன் பொய் சொல்கிறான். அவளிடம் ஒரு சொல்லும் கேட்காமல், அவள் வாழ்வுக்குத் தான் இடையூறாகலாகாது என்று இளைஞன் சைகோனுக்குக் கப்பலேறுகிறான். அவள் எந்த மணத்துக்கும் இசையாமல் காத்திருந்து நோயில் மடிகிறாள். முதுமையில் திரும்பி வருபவன் உண்மையை அறிகிறான். சுண்ணாம்பாறு கடலோடு கலக்குமிடத்தில் நீருக்குள் இறங்கி நடக்கிறான். மார்பளவு நீரில் நின்று அவள் பெயரை முதன்முறையாக உரக்க அழைக்கிறான். நூல் அங்கே முடிகிறது.

இந்நூல் தன் புகழுக்குத் தகுதியுடையதுதானா என்று ஆய்ந்து பேசும் பொறுப்பைச் சென்ற ஆண்டு எங்கள் வாசகர் வட்டம் எனக்கு அளித்தது. முத்தியால்பேட்டையில் ஒரு மழலையர் பள்ளி வகுப்பறையில் ஞாயிறு காலைதோறும் கூடுகிறோம். குழந்தைகளுக்குச் செய்த சிறு நாற்காலிகளில் முழங்கால் முகவாயைத் தொட அமர்ந்துகொண்டு பேரிலக்கியம் பேசுவது எங்கள் வழக்கம். கல்லூரியில் நெடுங்காலம் தமிழ் கற்பித்தவன் என்பதால், எனக்கு மட்டும் ஆசிரியருடைய பெரிய நாற்காலி.

தகுதியில்லை என்பதே என் முடிவு. கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும் ஓர் ஐயத்தைக் கேளாமல் விட்டவனை ஈகத்தின் உருவமாகப் போற்றுவது எனக்கு என்றும் உடன்பாடில்லை. துன்பியல் என்றால் மாந்தர் முயன்றும் வெல்ல முடியாத ஏதேனும் ஒன்று எதிரே நிற்க வேண்டும். இங்கே நிற்பது ஒரு மாமனின் பொய். அதுவும் பக்கத்துத் தெரு வரை நடந்தால் கலைந்துபோகும் பொய்.

என்னை எதிர்த்து அந்நூலுக்காக வாதாடியவர் என் நெடுநாளைய நண்பர். எழுபதைக் கடந்தவர், பிரெஞ்சு அரசின் பள்ளியில் பிரெஞ்சு ஆசிரியராக இருந்து அந்நாட்டு ஓய்வூதியம் பெறுபவர், பிரெஞ்சுக் குடியுரிமை உடைய குடும்பத்தவர். அதனால் வட்டத்தில் எல்லோருக்கும் அவர் ‘முசியே’தான். மனைவியை இழந்து பல ஆண்டுகள் ஆயின. ஒரே மகன் பாரிசுக்கு அருகே வாழ்கிறான். தனியாக இருக்க வேண்டாம், இங்கே வந்துவிடுங்கள் என்று மகன் வற்புறுத்த, அந்தத் தீபாவளி கழிந்ததும் நிலையாகவே அங்குச் சென்றுவிடுவது என்று நண்பர் இசைந்திருந்தார். வீட்டைக் குடிக்கூலிக்கு விடவும் பேசியாயிற்று.

“கேக்காம போறதுதான் ஐயா மரியாதை,” என்றார் அன்று. “கேட்டா என்னாகும்? அந்தப் பொண்ணு ‘வேணாம்’னு சொல்லவும் முடியாம, ‘சரி’ன்னு சொல்லவும் முடியாம தவிப்பா. ஒருத்தர அப்படித் தவிக்க வுடறது அன்பா?”

“தவிக்க விடக் கூடாதுன்னு சாக விடலாமா?” என்றேன்.

வகுப்பறை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. ஒருதலைக் காமம், பொருந்தாக் காமம், அகத்திணை மரபில் கூற்றின் இடம் என்று நான் விரித்துரைத்துக்கொண்டே போனேன். அவர் தம் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். வாதத்தில் வென்றுவிட்டேன் என்று நான் மகிழ்ந்தேன்.

வீடு திரும்பும் வழியில், மூவுருளித் தானியில், வட்டத்துக்கு என்னோடு வரும் என் மனைவி கேட்டாள்: “ஏங்க, நீங்க ரெண்டு பேரும் புத்தகத்தப் பத்தியா பேசினீங்க?”

“வேறு எதைப் பற்றி?”

“நீங்க புத்தகத்தப் பத்திப் பேசினீங்க. அவரு அக்காவப் பத்திப் பேசினாரு. பத்து பேருக்குப் புரிஞ்சிது. பெரிய நாற்காலியில ஒக்காந்திருந்தவருக்குத்தான் புரியல.”

அக்கா என்று அவள் சொன்னது எங்கள் வட்டத்தின் உறுப்பினரான ஓர் அம்மையாரை. அரசு மருத்துவமனையில் தலைமைச் செவிலியாக இருந்தவர். தேங்காய்த்திட்டு மீனவர் குடும்பத்தில் பிறந்து, பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய ஒருவரை மணந்து, அவரையும் இழந்தவர். கணவர்வழி ஓய்வூதியம் பெறுகிறார். பிரான்சுக்கு வெளியே வாழும் ஓய்வூதியர் ஆண்டுதோறும் அலுவலர் முன் நேரில் நின்று, தாம் உயிரோடிருப்பதற்குச் சான்று பெற வேண்டும் என்பது எங்கள் ஊரில் பலர் அறிந்த நடைமுறை. அந்த வரிசையில்தான் நண்பரும் அம்மையாரும் அறிமுகமாயினர். வட்டத்துக்கு அவரை அழைத்து வந்ததும் நண்பரே. “கையெழுத்து போட்டுட்டா உயிரோட இருக்கறதா அர்த்தமா, முசியே? எதனா படிக்கவும் வேணாமா?” என்று வரிசையில் நின்றபடி அந்த அம்மையார் கேட்டதை, நண்பர் எத்தனையோ முறை எனக்குச் சொல்லியிருக்கிறார். ஏன் அத்தனை முறை சொன்னார் என்பது தானியில் போகும்போதுதான் எனக்கு விளங்கிற்று.

அவர் அந்த அம்மையாரிடம் எதையும் கேட்கவில்லை. கேட்கப் போவதுமில்லை. மரியாதையோடு வானூர்தி ஏறிவிடப் போகிறார். அந்தப் புதினம் அவருக்கு வழித்துணையாயிற்று. கேளாமற் போவதை ஓர் அழகாக அவருக்குக் கற்பித்துவிட்டது.

இறுதி அதிகாரத்தை அதன் நிகழிடத்திலேயே படிப்பது என்று முன்பே முடிவு செய்திருந்தோம். அடுத்த ஞாயிறு நோணாங்குப்பம் படகுத்துறைக்குச் சென்றோம். நூலில் அது தாழையும் தனிமையும் சூழ்ந்த கழிமுகம். நாங்கள் கண்டதோ பெங்களூரிலிருந்து வந்த கூட்டமும் பொரித்த மீனின் மணமும். முதியோர் பன்னிருவர் செம்மஞ்சள் நிற மிதவைச் சட்டைகளுக்குள் நுழைந்து படகில் அமர்ந்தோம். என் பையில் உரைக்குறிப்புகள் இருந்தன. நண்பரின் சட்டையில் வார் சிக்கிக்கொண்டது.

“ஐயா, அந்த பக்கிள மாட்டுங்க. இல்லன்னா போட்ட எடுக்க மாட்டேன்,” என்றார் படகோட்டி.

“அவரு மாட்ட மாட்டாரு தம்பி, தண்ணில எறங்கி நடக்கறதா உத்தேசம்,” என்று அம்மையார் சொல்ல, படகே சிரித்தது. இம்முறை நண்பரும் சிரித்தார்.

படகு அலையாத்திக் காட்டோரம் மெதுவாகச் சென்றது. இறுதிப் பக்கத்தை நண்பர் படித்தார். நல்ல குரல் அவருக்கு. பெயர் சொல்லி அழைக்கும் இடத்தை இருமுறை படித்தார். நான் குறிப்புகளை வெளியே எடுத்தேன். என் மனைவி என் கையைப் பிடித்து அழுத்தினாள். திரும்பவும் பையில் வைத்துவிட்டேன்.

அம்மையார்தான் பேசினார்.

“எல்லாரும் அவனையே திட்றீங்க, இல்லன்னா அவனையே கொண்டாடறீங்க. அவன் கேக்கல, சரி. அவ இன்னா பண்ணா? அவன் கப்பலேறுற அன்னைக்கித் துறைமுகப் பாலத்துக்கு வந்தா இல்ல? கூட்டத்துல நின்னுகினு முந்தானைய கடிச்சிகினு இருந்தா. ‘எனக்குக் கல்யாணமும் இல்ல, ஒண்ணும் இல்ல, எறங்குடா கீழ’ன்னு ஒரு சத்தம் போட்டிருந்தா கதை மூணாவது அத்தியாயத்துல முடிஞ்சிருக்கும்.”

“முடிஞ்சிருந்தா இவங்களுக்கு ஞாயித்துக்கெழம பொழுது போவாதே அக்கா,” என்றாள் என் மனைவி.

“அந்தக் காலத்துப் பொண்ணுங்க,” என்று நண்பர் தொடங்கினார்.

“எங்க அம்மாவும் அந்தக் காலத்துப் பொண்ணுதான், முசியே. துறையில மீன் ஏலம் எடுக்க நிப்பாங்க. கூடைய பாத்துகினு மனசுக்குள்ளயே வெல வச்சா எவன் குடுப்பான்? வாயத் தொறக்கணும்.”

“மனசும் மீனும் ஒண்ணாம்மா?”

“மீனப் பத்திச் சொல்லல. வாங்க வந்தவங்களப் பத்திச் சொன்னேன்.”

பிறகு அவர் தலையைத் திருப்பி நண்பரை நேராகப் பார்த்தார். வட்டம் முழுவதும் அலையாத்தி மரங்களைப் பார்க்கத் தொடங்கியது.

“நானே வாயத் தொறக்கறேன். நீங்க போறது உங்க புள்ளைக்காகவா? இல்ல, இங்க யாரும் இருங்கன்னு சொல்லலன்றதாலயா?”

நண்பர் மிதவைச் சட்டையின் வாரை மீண்டும் இழுத்தார். “யாரும் சொல்லலியே,” என்றார். வகுப்பில் கேள்வி கேட்கப்பட்ட மாணவனின் குரல் அது.

“நான் சொல்றேன். இருங்க.”

அவர் வாய் திறக்குமுன் அம்மையாரே மேலும் சொன்னார்: “கல்யாணம் கில்யாணம்னு ஆரம்பிச்சிடாதீங்க. அது எனக்கு ஒரு தடவ போதும். சாயங்காலம் கடற்கரையில நடக்கறதுக்கு ஆள் வேணும். படிச்சதப் பத்திச் சண்ட போட ஆள் வேணும். இருப்பீங்களா, மாட்டீங்களா?”

“இருக்கறேன்,” என்றார் நண்பர். அத்தனை பெரிய வாதத்துக்குரியவர் ஒரே சொல்லில் நிறுத்திக்கொண்டார்.

“எறங்கறவங்க பாத்து எறங்குங்க, பலக வழுக்கும்,” என்றார், கரையில் படகை அணைத்த படகோட்டி.

இதனைக் கதையாக எழுதினால் இங்கே நிறுத்திவிடலாம். வாழ்வில் மகனுக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. வெறுமையாக வைத்திருந்த அறையைக் கைப்பேசியில் மீண்டும் மீண்டும் காட்டி, “அப்ப இது எதுக்கு அப்பா?” என்று மகன் கேட்டானாம். அந்த வருத்தம் இன்னும் முழுதாகத் தீரவில்லை. கோடையில் அங்குச் சென்று சில வாரம் தங்கித் திரும்புவது என்று ஏற்பாடாகியிருக்கிறது. ஒருவரை இருக்கச் சொல்வது, வேறொருவர் வீட்டு அறையை வெறுமையாக்கவும் செய்கிறது. கேட்டுவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நான் வகுப்பறையில் முழங்கியது அத்தனை முழுமையான உண்மையன்று.

அதன்பின் அந்நூலை முதலிலிருந்து மீண்டும் படித்தேன். பாலத்துக் காட்சியில் அவள் முந்தானையைக் கடித்து நிற்கும் பத்தியைத் திறனாய்வாளர் பலரும் மௌனத்தின் பேரழகு என்று போற்றியிருக்கின்றனர். நானும் வகுப்புகளில் அவ்வாறே சொல்லிக் கடந்திருக்கிறேன். இம்முறை அப்பத்தியின் அடுத்த வரியில் நின்றேன். அவளுக்கு அருகே ஒரு கிழவி தன் மகனைப் பார்த்து, குடையை விட்டுவிட்டாயே என்று கத்துகிறாள். கப்பலில் இருக்கும் அந்த மகன் திரும்பிப் பார்க்கிறான். குரல் எட்டும் தொலைவில்தான் கப்பல் நிற்கிறது! எழுதியவர் அதனை அறிந்தே எழுதியிருக்கிறார். இறுதிப் பக்கத்தில் நீரில் நின்று அவன் கூவுவதும், அன்று பாலத்தில் அவள் கூவாததற்கு ஈடாக எழுதப்பட்டதே. மௌனத்தை அந்நூல் எங்கும் வாழ்த்தவில்லை. வாழ்த்தியவர்கள் படித்தவர்களாகிய நாங்கள்.

ஆகவே என் தீர்ப்பை மாற்றிக்கொண்டேன். நூல் பெருமைக்குரியது. அதற்கு நாங்கள் சூட்டிய புகழ்தான் அதற்குப் பொருந்தவில்லை. நல்ல எச்சரிக்கை ஒன்றை எடுத்து, அதைத் தாலாட்டாகப் பாடிவந்திருக்கிறோம். வட்டத்தில் இதனைச் சொன்னபோது, மணமக்களுக்குப் பரிசளிக்க அது ஏற்ற நூல்தான் போலும் என்று என் மனைவி சொன்னாள்.

சென்ற மாதம் உயிரோடிருப்பதற்குச் சான்று பெறும் நாள் வந்தது. பாரிசில் குடியேறியிருந்தால் நண்பருக்கு அந்த வரிசை தேவைப்பட்டிராது. அன்று வெயில் கடுமையாக இருந்தது. துணைக்கு நானும் குடையோடு போயிருந்தேன். முன்னே அம்மையார், பின்னே நண்பர், அவர் தலைக்கு மேல் என் குடை.

“ஆனாலும் ஐயா,” என்று நண்பர் என் பக்கம் திரும்பினார், “அந்தக் கடைசிப் பக்கம் இருக்குதே, அவன் தண்ணில நின்னு கூப்புடறது, அதுக்கு ஈடு இன்னொண்ணு…”

“முன்னாடி ஆளு போயாச்சு, முசியே. பேசிகினே நடங்க,” என்றார் அம்மையார்.