சுண்ணாம்புக் குழியோரம் கேட்ட குரல்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதாம் வருஷத்தை ஒட்டிய ஒரு பங்குனி மாதம், வெள்ளிக்கிழமை உச்சி வேளை. ஆம்பூருக்குப் பக்கத்தில் பாலாற்றங்கரையில் இருந்த ஒரு தோல் பதனிடும் ஷாப்பில், மயிர் உதிரத் தோலை ஊறப்போடும் சுண்ணாம்புக் குழி வேலைக்கு நான் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அதற்கு முன் மாதனூரில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தவன். நெல் மூட்டையை ஒற்றை ஆளாகத் தூக்கி வண்டியில் ஏற்றுவேன் என்ற திமிர் உடம்பு முழுக்க இருந்தது.

ஷாப்பில் தூக்குவதிலேயே இரண்டு தினுசு உண்டு. காய்ந்த தோல் கட்டு என்றால், காலை அகட்டி, உட்காருகிற மாதிரி இடுப்பை இறக்கி, கட்டை உடம்போடு ஒட்டிப் பிடித்துக் காலால் எழ வேண்டும். குழியிலிருந்து ஈரத்தோலை எடுப்பது வேறு. அங்கே முழங்கால் கொஞ்சம்தான் மடங்கும். இடுப்பு பின்னால் போகும். முதுகு பலகை மாதிரி நேராக இருக்க வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து இடுக்கி போட்டு இழுப்பார்கள். தனியாக இழுக்கவே கூடாது. ஏனென்றால் தண்ணீர் பொய் சொல்லும். உள்ளே கிடக்கும்வரை எருமைத்தோல் லேசாக வரும். பாதி வெளியே வந்ததும் ஆளையே இழுக்கும்.

எனக்கு ஜோடி ஒரு பாய். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், அவ்வளவுதான். அதிகம் பேச மாட்டார். நான் முதுகை வளைத்துக் குனிந்தால், இடுக்கிப் பிடியால் என் முழங்காலில் ஒரு தட்டு தட்டுவார். வாயைத் திறந்து ஒன்றும் சொன்னதில்லை. மாட்டைத் தட்டுகிற மாதிரி தட்டுகிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்று அவரும் மற்ற பாய்களும் ஜும்மா தொழுகைக்குப் போய்விட்டார்கள். மிச்சப் பேர் ஆற்றங்கரை மர நிழலுக்குச் சாப்பிடப் போனார்கள். நாய் வராமலிருக்க வாசலை உள்பக்கம் தாழிட்டது நான்தான். ஒரு குழியில் நான்கு எருமைத்தோல் பாக்கி. பாய் வருவதற்குள் தனியாக எடுத்துப் போட்டு, அவர் தட்டாமலே எனக்கு வேலை தெரியும் என்று காட்ட வேண்டும் என்று குருட்டு ஆசை. வீட்டில் மனைவிக்கு ஏழாம் மாதம் என்பதுகூட அப்போது நினைவில் இல்லை.

இரண்டு தோல் வந்துவிட்டது. மூன்றாவது வரவில்லை. அடியில் யாரோ மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல நின்றது. காக்கைகூடக் கத்தவில்லை. காலைச் சேர்த்துவைத்து, முதுகை வில்லாக வளைத்து, மூச்சைப் பிடித்து இழுத்தேன். தோல் பாதி மேலே வந்தது. இடுப்பில் சுரீர் என்றது.

அப்போது என் பின்கழுத்துக்கு வெகு அருகில் பாயின் குரல்.

"கால அகட்டு. முட்டிய மடக்கு. பின்னால சாய்."

அதட்டல் இல்லை, கெஞ்சல். தொழுகை முடிந்து வந்துவிட்டார் என்று நினைத்து அப்படியே செய்தேன். நான் காலை நகர்த்தியதுதான் தாமதம், அதுவரை நான் நின்றிருந்த குழிக்கரைச் செங்கல் பெயர்ந்து உள்ளே போயிற்று. பின்னால் சாய்ந்திருந்ததால் மல்லாந்து தரையில் விழுந்தேன். தோலும் இடுக்கியும் குழிக்குள் போயின. வெள்ளைத் தண்ணீர் கொஞ்சம் கலங்கி, பிறகு சும்மா இருந்தது.

திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. வாசலில் நான் போட்ட தாழ் அப்படியே இருந்தது. பயம் என்றால் என்னவென்று அன்றுதான் தெரிந்தது.

கொஞ்ச நேரம் கழித்துக் கதவு தட்டினார்கள். தாழை எடுத்துத் திறந்தேன். தொப்பியோடு பாய் நின்றார். நடந்ததையும் கேட்ட வார்த்தைகளையும் அப்படியே சொன்னேன். குழிக்கரை பெயர்ந்த இடத்தைப் பார்த்தவர், அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு முன் அவருக்கு ஜோடியாக இருந்தவன் அதே குழியில் விழுந்து செத்தான் என்பது ஷாப்பில் எல்லோருக்கும் தெரியும். தெரியாததை அன்று அவர் சொன்னார்.

"அவன் முதுக வளைச்சி இழுத்தப்போ நான் பின்னாலதான் நின்னுனு இருந்தேன். காலைல எங்களுக்குள்ள சண்ட. கோவத்துல சொல்லாம இருந்துட்டேன். அன்னிலேர்ந்து அந்த வார்த்தைங்க வாய்ல வர்றதில்ல. தொழுகைல குனியறப்பல்லாம் மனசுக்குள்ள வருது. இன்னிக்கும் வந்துச்சி."

மறுநாள் குழியோரம் நான் குனிந்தபோது முழங்காலில் தட்டு விழவில்லை. "முட்டிய மடக்கு" என்று முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னார். அதே குரல், அதே கெஞ்சல்.

இப்போதெல்லாம் முன்பின் தெரியாதவர் தவறாகக் குனிந்து குடத்தைத் தூக்கினால்கூட, போய்ச் சொல்லிவிடுவேன். உன் வேலையைப் பார் என்று திட்டுகிறவர்களும் உண்டு, பரவாயில்லை. அந்தக் குரல் எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் என்னைக் காப்பாற்றிய அந்த வார்த்தைகள் எனக்கு முன்னால் அங்கே நின்றவனுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டியவை என்பது மட்டும் தெரியும்.