‘லென்ஸ் இல்லை’ என்றது கேமரா

சென்ற ஆண்டு பிசானப் பருவத்து நெல் அறுப்பு முடிந்திருந்த சமயம். பாபநாசத்துக்குச் சற்று முன்னால் இருக்கும் ஒரு கிராமத்தில், என் மாமியாரின் தங்கை வீட்டு மொட்டைமாடியில் நடந்தது இது. என் கையில் ஒரு சின்ன மிரர்லெஸ் கேமராவும், அதில் என்னைவிட வயதில் மூத்த ஒரு லென்ஸும் இருந்தன. எதிரே தூரத்தில், வயல் வரப்பில், எங்கள் மூன்றரை வயது மகள் நின்றுகொண்டிருந்தாள்.

அவள் பேசமாட்டாள். அப்பா, அம்மா, தண்ணி என்று விரல் விட்டு எண்ணக்கூடிய சொற்கள் வரும். மற்றதெல்லாம் தலையசைப்பு. ஆனால் அவள் தனியாக இருக்கும்போது பேசுகிறாள் என்று எனக்குத் தெரியும். குளியலறைக்குள் வாளியிடம், கட்டிலுக்கு அடியில் பொம்மையிடம், கொசகொசவென்று ஒரு பேச்சு கேட்கும். நான் வாசலுக்குப் போனால் நின்றுவிடும். தூத்துக்குடி துறைமுகத்தில் வேலை பார்க்கும் என் கணவர் வாரக் கடைசியில்தான் வருவார். அவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. எங்களோடு இருக்கும் மாமியார், பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், பட்டென்று சொல்லிவிட்டார்.

“எனக்கு ஒண்ணும் கேக்கலயேம்மா. நீ ஆசையில நெனச்சுக்கிடுத.”

அதன்பிறகு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. எதையும் இரண்டு தடவை யோசிக்கிற ஆள் நான். கேஸை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வருவேன். பிள்ளை நடந்தாலும் “பைய”, படி இறங்கினாலும் “பைய”, பால் குடித்தாலும் “பைய” என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். மெல்ல, பார்த்து என்பதற்கு எங்கள் பக்கத்துப் பேச்சு அது. “பாப்பாவுக்கு வச்ச மாரி ஒனக்கும் ஒரு ஞானஸ்நானம் வச்சு, ‘பைய’ன்னு பேர் போட்டுருவோம்” என்று கணவர் கேலி செய்வார்.

எல்.கே.ஜி. சேர்க்கைக்குப் போன இடத்தில் மகள் வாயைத் திறக்கவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுப்பவரிடம் காட்டிவிட்டு வரச் சொன்னார்கள். பாளையங்கோட்டையில் ஒரு அம்மாவிடம் போனோம். காது நன்றாகக் கேட்கிறது என்று சோதனையில் தெரிந்தது. ஆனால் போன இரண்டு தடவையும் மகள் என் துப்பட்டாவுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அந்த அம்மா பொறுமையாகத்தான் சொன்னார்.

“வீட்டுல பேசுதான்னு நீங்க சொல்லுதிய. நான் அதைப் பாக்கணும்லா? அடுத்த தடவ வரும்போது ஒரு வீடியோ எடுத்துட்டு வாங்க. இல்லன்னா பேச்சே வரலன்னு வச்சுத்தான் நான் ஆரம்பிக்கணும்.”

ஒரு வீடியோ. இவ்வளவுதானே என்று நினைத்தேன். ஃபோனைக் கையில் எடுத்தாலே மகள் சிலையாகிவிடுவாள். உதட்டை உள்ளே மடித்துக்கொள்வாள். தட்டுகளுக்குப் பின்னால் ஃபோனை ஒளித்து வைத்தேன். நேராக வந்து அதைக் கண்டுபிடித்து என்னிடமே கொண்டுவந்து கொடுத்தாள். திரைச்சீலைக்குப் பின்னால் வைத்தேன். பாட்டியின் காலும் துடைப்பமும்தான் பதிவாகியிருந்தன. கிட்டே போனால் பேச்சு நின்றுவிடும். எனவே தூரத்திலிருந்து எடுக்க வேண்டும். அதற்கு என்னிடம் ஒரு வழி இருந்தது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குச் சந்தேகமே கிடையாது.

திருமணத்துக்கு முன்பு கணினி ஆசிரியையாக இருந்தபோது, பாடங்களைப் படம் பிடிப்பதற்காக அந்தக் கேமராவை வாங்கினேன். புது லென்ஸ்கள் யானை விலை. ஆனால் ஃபிலிம் காலத்து லென்ஸ்களை ஒரு வளையம் வைத்து இதில் மாட்டிக்கொள்ளலாம். கப்பலில் வேலை பார்த்த கணவரின் சித்தப்பா வெளிநாட்டிலிருந்து வாங்கிவந்த 135 மி.மீ. லென்ஸ் ஒன்று எங்கள் பீரோவில் கிடந்தது. அந்தக் காலத்துக் கேமராவில் அது தூரத்தை ஓரளவுக்குக் கிட்டே கொண்டுவரும். என் கேமராவின் சென்சார் சின்னது. லென்ஸ் தரும் பிம்பத்தின் நடுப்பகுதியை மட்டும் அது எடுத்துக்கொள்வதால், தூரம் இன்னும் இரண்டு மடங்கு கிட்டே வந்துவிடும். வயலுக்கு அந்தப் பக்கம் நிற்பவரின் மூக்குத்தி தெரியும்.

மாட்டிவிட்டுக் கேமராவை முடுக்கினேன். ‘லென்ஸ் இல்லை’ என்று திரையில் வந்தது. படம் எடுக்க மறுத்தது. கணவர் எட்டிப் பார்த்தார்.

“அதான் முன்னால குத்துக்கல்லு மாரி இருக்கே! இதுக்குத் தெரியலயாமா?”

நான் விளக்கினேன். புது லென்ஸ்களின் பின்பக்கம் சின்னச் சின்ன உலோகப் புள்ளிகள் இருக்கும். அவற்றின் வழியாக லென்ஸ் கேமராவோடு பேசும். பழைய லென்ஸுக்கு அந்தப் பேச்சுத் தெரியாது. அது பேசாததால் அங்கே லென்ஸே இல்லை என்று கேமரா முடிவு செய்துவிடுகிறது. ‘லென்ஸ் இல்லாவிட்டாலும் பதிவு செய்’ என்று அமைப்புகளில் மாற்றிவிட்டால் போதும். பிறகு ஃபோகஸை, அதாவது படத்தின் கூர்மையை, கையால்தான் திருகிக் கொண்டுவர வேண்டும். சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டேன். அவரும் சிரிப்பதை நிறுத்திவிட்டு, கட்டிலுக்கு அடியில் விளையாடிக்கொண்டிருந்த மகளைப் பார்த்தார்.

அந்த வாரம்தான் மாமியாரின் தங்கையான சின்ன அத்தையின் ஊர்க் கோயிலில் அசனம், ஊரே சேர்ந்து உண்ணும் விருந்து. எல்லோரும் போனோம். சாப்பாடு முடிந்து வீடு திரும்பியபோது, பின்பக்கத்து வயலில் வாத்துக் கூட்டம் இறங்கியிருந்தது. அறுத்த வயலில் சிந்திக் கிடக்கும் நெல்லைப் பொறுக்க வெளியூரிலிருந்து ஓட்டிவந்திருந்தார்கள். மகள் வாத்துகளைக் கண்டதும் என் கையை விட்டுவிட்டுப் போய் வரப்பில் நின்றாள். கொஞ்ச நேரத்தில் அவள் தோள் அசைவதைப் பார்த்தேன். பேசுகிறாள்!

மாடிக்கு ஓடினேன். முக்காலி கொண்டுவரவில்லை. சின்ன அத்தையிடம் ஒரு துணிப்பையில் அரிசி கேட்டு வாங்கினேன். அதைக் கைப்பிடிச் சுவரில் வைத்து, அதன்மேல் கேமராவைப் பதித்தால் ஆடாது.

“படம் புடிக்கதுக்கு எதுக்கும்மா அரிசி? கேமரா சோறு கேக்குதா?” என்றார் சின்ன அத்தை.

அவ்வளவு குறுகலான பார்வையில் ஒரு சின்னப் பிள்ளையைத் தேடிப் பிடிப்பது லேசான வேலையில்லை. முதலில் வெறும் மரத்துப் பச்சை. பிறகு ஒரு மின்கம்பம். பிறகு ஒரு எருமையின் முதுகு. மாலை வெயில் எதிரே இருந்ததால் பழைய கண்ணாடி முழுக்க வெள்ளையாகப் பூத்தது. கையால் வெயிலை மறைத்து, மகளைக் கண்டுபிடித்து, வளையத்தைத் திருகினேன். அவள் முகம் தெளிந்து வந்தது. கூடவே அவள் குதிகாலுக்குப் பின்னால் வாய்க்கால் தண்ணீர் சுழித்து ஓடுவதும் தெரிந்தது. அவள் ஒரு அடி பின்னால் வைத்தாள்.

“ஏட்டி! பைய! நில்லு!”

கத்தியது மட்டும் நினைவிருக்கிறது. அரிசிப்பை கீழே விழுந்து சிதற, கழுத்தில் கேமரா ஆட, படிகளில் இறங்கி வயலுக்குள் ஓடினேன். வாத்துகள் மொத்தமும் சிதறிப் பறந்தன. மகள் உதட்டை மடித்துக்கொண்டாள். அவளை வாரி எடுத்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன். வாய்க்கால் அடுத்த வயலையும் தாண்டி எங்கேயோ ஓடிக்கொண்டிருந்தது.

இவ்வளவு நீண்ட பார்வை, முன்னால் இருப்பதையும் பின்னால் இருப்பதையும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் காட்டும். இது எனக்குத் தெரியும். பிள்ளைகளுக்குப் படம் போட்டுப் பாடம் நடத்தியவள் நான். ஆனால் கேமராவின் சட்டத்துக்குள் என் பிள்ளை நின்றபோது பாடம் எல்லாம் மறந்துவிட்டது.

“வாய்க்கா எங்க கெடக்கு, இவ எங்க நிக்கா!” என்று கணவர் தலையில் அடித்துக்கொண்டார்.

“ஏ அக்கா, ஒம் மருமவ வாத்துக்கெல்லாம் பேதி குடுத்துட்டா. இனி நாலு நாளைக்கு முட்ட போடாது” என்றார் சின்ன அத்தை. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் கிடைத்த ஒரே வாய்ப்பையும் என் பயமே கெடுத்துவிட்டதே என்று உள்ளே குமைந்தது.

மறுநாள் காலையில் கணவர் வேலைக்குக் கிளம்ப வேண்டும். அவர் கிளம்பவில்லை. அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, பேப்பரை எடுத்துக்கொண்டு, மகள் நின்ற வரப்புக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் இருந்த வைக்கோல் படப்புக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். போகும்போது சொன்னது இவ்வளவுதான்.

“நீ கேமராவப் பாரு. நான் பிள்ளையப் பாக்கேன்.”

காலை வெயில் என் முதுகுப் பக்கம் இருந்தது. லென்ஸின் முனையில் கறுப்பு அட்டையைச் சுருட்டி மாட்டினேன். அரிசிப்பையை மறுபடி நிரப்பினேன். மகள் வரப்புக்கு வந்தாள். வாத்துகள் நேற்றைய கூத்தை மறந்துவிட்டு மேய்ந்துகொண்டிருந்தன. அவள் குனிந்தாள். உதடுகள் அசைந்தன. ஒரு சொல் அல்ல. நிறுத்தி, வாத்துகளைப் பார்த்து, பதில் கேட்டவள்போல மறுபடி பேசினாள். அவள் முன்னால் நகர்ந்தபோது வளையத்தை ஒரு மயிரிழை திருகினேன். பின்னால் வந்தபோது எதிர்ப்பக்கம் ஒரு மயிரிழை. வாய்க்கால் இன்றும் அவள் குதிகாலை ஒட்டித்தான் தெரிந்தது. படப்புக்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறார் என்ற நினைப்பு என்னைப் பிடித்து நிறுத்தியது.

கீழே வந்து ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிக் கேட்டபோதுதான் தலையில் இடி விழுந்தது. படம் கிட்டே வரும், சத்தம் வருமா? மகளின் குரல் ஒரு துளிகூட இல்லை. என் மூச்சுச் சத்தம், அப்புறம் உவரியிலிருந்து வண்டியில் மீன் கொண்டுவருபவரோடு சின்ன அத்தை நடத்திய சண்டை. “நேத்துச் செத்ததா, முந்தாநேத்துச் செத்ததா, உண்மையச் சொல்லும்வே!” என்று கணீரென்று பதிவாகியிருந்தது.

“ஃபோனை வேலியில சொருகி வச்சிருந்தா சத்தம் கெடச்சிருக்கும்லா?” என்றார் கணவர்.

“இத நேத்தே சொல்லியிருக்கலாம்லா?” என்றேன்.

வேறு வழியில்லாமல் அதையே எடுத்துக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் போனேன். அந்த அம்மா வீடியோவைப் போட்டார். மீன் சண்டையைக் கேட்டுச் சிரித்துவிட்டார். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அவர் கையமர்த்தி, சத்தத்தை முழுவதும் நிறுத்திவிட்டு, திரைக்குக் கிட்டே குனிந்தார். ஒரு இடத்தை ஓட்டி ஓட்டிப் பார்த்தார். மகளின் வாயோடு சேர்த்துத் தன் வாயையும் சத்தமில்லாமல் அசைத்தார்.

“ரெண்டு ஒதடும் ஒட்டிப் பிரியுது பாருங்க. ‘ப’வா இருக்கணும், இல்லன்னா ‘ம’. ஒடனே வாய் விரியுது. அப்பமெல்லாம் கையையும் கீழ அமத்துதா. இது என்ன சொல்லு?”

அவர் கேட்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. வாயைப் பார்த்து இல்லை. அந்தக் கையைப் பார்த்து. உள்ளங்கையைக் கீழே கவிழ்த்து, காற்றை மெல்ல அமுக்குகிற அந்தக் கை என்னுடையது.

“பைய” என்றேன்.

“பைய... ம், அதேதான். அடுத்தாப்புல கீழ் ஒதடு பல்லுல படுது. ‘வா’. பைய வா, பைய வாங்க. ரெண்டு சொல்லு சேத்துப் பேசுதாளே! நிறுத்தி, பதிலுக்குக் காத்துக் கெடக்கா.” அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “பேச்சு இருக்கும்மா. ஆள் முன்னால வரமாட்டேங்குது, அவ்வளவுதான். அதுக்கு வேற வழி உண்டு. அந்த வழியிலயே போவோம்.”

பேச்சு இருக்கும்மா. பேருந்தில் வீடு வரும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தேன்.

மாமியார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். “நம்மகிட்ட வாயத் தெறக்காதவ வாத்துகிட்ட என்ன பாடு பேசுதா!” என்றார். கொஞ்சம் கழித்து, என்னைப் பார்க்காமல், “நீ சொன்னது சரிதாம்மா” என்றார்.

மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். ஒரு தோழியிடம் நன்றாகப் பேசுகிறாள். டீச்சரிடம் காதோரமாகக் கிசுகிசுக்கிறாள். மற்றவர்களிடம் இன்னும் இல்லை. அந்த லென்ஸை மாட்டி, பழைய அமைப்பைத் திரும்ப வைத்தால் இன்றும் ‘லென்ஸ் இல்லை’ என்றுதான் திரையில் வருகிறது. பார்த்தால் எனக்கு இப்போது சிரிப்புத்தான் வருகிறது. காலையில் பள்ளி வாசலில் அவள் கையை விடும்போது பழக்கதோஷத்தில் “பைய” என்று வாய் சொல்லிவிடும். நான் பயந்து பயந்து சொன்ன சொல்லை அவள் வாத்துகளிடம் அத்தனை பிரியமாகச் சொல்லியதைப் பார்த்த நாளிலிருந்து, அதைச் சொல்லும்போது என் குரலிலும் பயம் கொஞ்சம் குறைந்திருக்கிறது.