வெள்ளிக்கிழமைச் சோறு

கர்த்தருக்குள் அன்பான சபையாருக்கு,

என் கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு வாவியில் வலை வீசப் போனவன். பிழைகள் இருக்கும். எழுந்து நின்று சாட்சி சொல்லும்படி பாஸ்டர் பலமுறை கேட்டார். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. யாராவது வாசித்துவிடுங்கள்.

என் மகள் ஜெனிற்றாவை உங்களுக்குத் தெரியும். போன வருடம் அவள் சாப்பாட்டை விட்டுவிட்டாள். முதலில் சோறு, பிறகு மீன், கடைசியில் தேத்தண்ணிக்குச் சீனியும் இல்லை. எலும்பும் தோலுமாக நின்றுகொண்டு, "ஊதிப்போயிட்டன்" என்று அழுவாள். ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தாள்.

நாங்கள் எங்களுக்குத் தெரிந்ததைச் செய்தோம். வெள்ளிக்கிழமைகளில் அவளுக்காக உபவாச ஜெபம். சபையே உபவாசம் இருந்தது. அவளும் வந்து இருந்தாள். "என்ன பக்தியான புள்ள" என்றார்கள்.

அவள் இன்னும் மெலிந்தாள். எனக்குக் கர்த்தரோடு கோபம் வந்தது. தோணியில் தனியாக இருக்கும்போது சத்தமாகவே கேட்டேன்: "அத்தனை சனத்துக்கு அப்பம் குடுத்தீரே. என்ட புள்ளைக்கு ஒரு வாய் சோறு குடுக்க ஏலாதா?" வலையில் நண்டுதான் கிடந்தது.

ஆஸ்பத்திரியில் மனநல டாக்டர் மிஸ்ஸிடம் அனுப்பினார்கள். அவர் தண்ணீருக்கடியில் இறங்கும் சுழியோடிகள் போடுவது போன்ற ஒரு கறுப்புக் கண்ணாடியைக் காட்டினார். மாட்டினால் வேறொரு இடத்துக்குள் இருப்பது போலத் தெரியுமாம். அங்கே சாப்பாட்டு மேசை இருக்குமாம். அதன் முன் இருந்து பழகப் பழகப் பயம் குறையுமாம். உண்மைச் சோறே இறங்காத பிள்ளைக்குப் பொய்ச் சோறா? தொழிலை விட்டு, பஸ் ஏறி இதற்கா வந்தேன் என்று எரிச்சலாக இருந்தது.

போதாததற்கு, உள்ளே இருந்தது வெளிநாட்டுச் சாப்பாடு.

"இதுகள நான் கண்டதே இல்ல மிஸ்," என்றாள் மகள். "பிறகு என்னத்துக்குப் பயப்பிடுற?"

மிஸ் சிரித்துவிட்டார். "அப்ப உங்கட வீட்டு மேசையையே படம் எடுப்பம்."

சுற்றிவரப் படம் பிடிக்கும் கமராவோடு வீட்டுக்கு வந்தார். மனைவி சோறும் இறால் கறியும் வைத்தாள். வழமைபோல இருக்கச் சொன்னார். அன்று வெள்ளிக்கிழமை. நான் உபவாசம். சோறு போடாத வெறும் கோப்பைக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன்.

அடுத்த முறை ஆஸ்பத்திரியில் ஜெனிற்றா அதை மாட்டிக்கொண்டு மேசையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "அப்பா இங்கயும் சாப்பிடல்ல மிஸ்." கண்ணாடியோடேயே என் பக்கம் திரும்பினாள். "நீங்க சாப்பிடாம இருந்தா ஜெபம். நான் சாப்பிடாம இருந்தா வருத்தம், ஆஸ்பத்திரி. அதெப்பிடி அப்பா?"

அந்தக் கேள்வியோடேயே பஸ் ஏறினேன்.

பாஸ்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் சொன்னார்: "இனி சாப்பிட்டுட்டு ஜெபி. வாற வெள்ளி நானும் வாறன். இறால் இரிக்கும்தானே?"

அந்த வெள்ளி மறுபடி படம் எடுத்தார்கள். கமரா பார்க்க, கூச்சத்தோடு, பாஸ்டருக்குப் பக்கத்தில் இருந்து நான் வயிறாரச் சாப்பிட்டேன். அதன் பிறகும் லேசாக இருக்கவில்லை. சில நாள் அந்தப் பொருள் வேலை செய்யாது. சில நாள் மகள் அதைக் கழற்றி எறிவாள். நான் பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டே வருவேன். கர்த்தர் அந்த முணுமுணுப்பையும் கேட்டிருக்கிறார்.

ஒரு வெள்ளி மத்தியானம் என் கோப்பைக்குள் ஒரு கை வந்தது. ஒரு இறால், ஒரு பிடி சோறு. மென்றாள்.

"உப்புக் கூடிப்போச்சு," என்றாள்.

மனைவி குசினிக்குள் போய் அழுதாள். உற்றுப் பார்க்கக் கூடாதென்று மிஸ் சொல்லியிருந்ததால் நான் குனிந்து சாப்பிட்டுக்கொண்டே இருந்தேன். அதுதான் என் ஸ்தோத்திரம்.

இன்னும் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். சாப்பாடு இறங்காத நாட்களும் உண்டு. ஆனாலும் அவள் எங்களோடு மேசையில் இருக்கிறாள். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். அவள் பக்கத்தில் இருந்து சாப்பிடுங்கள். சாப்பிட்டுவிட்டு ஜெபியுங்கள். என் கோபத்தையே பொறுத்தவர் உங்களையும் கைவிடமாட்டார்.

2025 மார்ச் 14, வெள்ளிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு.