சம்பந்தி அம்மாவின் பையில் நான் வைத்த காகிதம்

அந்தக் காகிதத்தைத் தொலைத்தது என் சம்பந்தி அம்மா அல்ல. நான்! தொலைத்ததோடு நின்றேனா? அதைத் திருட்டுத்தனமாக அவர்கள் பையில் வைத்து, அவர்கள் கையாலேயே எடுக்கவும் வைத்தேன்.

ஆறு வருடமாக இதை யாரிடமும் சொன்னதில்லை. நாலு பேர் கூடினால் எனக்குப் பேச்சு வராது. ஐந்தாம் வகுப்பு வரை படித்த எழுத்து மட்டும் இருக்கிறது. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்... எழுத்தில் உள்ள தப்பைச் சொல்கிறேன். மற்றதைப் பொறுக்கச் சொல்ல எனக்கு வாய் இல்லை.

2006ஆம் வருடம், ஆடி மாதம். என் மகள் செல்விக்குப் பம்பாயில் நிறைமாதம். அவள் பயணம் செய்யக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் நாங்கள் இரண்டு பேரும் புறப்பட்டோம். நான் கடலூர் முதுநகர். பாண்டிச்சேரியைத் தாண்டிப் போனதில்லை. சம்பந்தி அம்மா, அதாவது மாப்பிள்ளையைப் பெற்றவர்கள், சிதம்பரம். பள்ளிக்கூடத்து டீச்சராக இருந்து ரிடையர் ஆனவர்கள். இங்கிலீஷ் படிப்பார்கள். கலெக்டர் ஆபீஸ் வேலை என்றால்கூட மஞ்சக்குப்பத்துக்குத் தனியாக பஸ் ஏறி வந்து முடித்துக்கொண்டு போவார்கள்.

மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. பம்பாயில் இறங்கி, டாக்ஸிக்காரனிடம் காட்டச் சொல்லி, விலாசமும் போன் நம்பரும் எழுதிய ஒரு காகிதத்தைத் தபாலில் அனுப்பியிருந்தார். எங்களிடம் செல்போன் கிடையாது. அந்த ஒரு காகிதம்தான் எங்களுக்குக் கண்.

முதல் நாள் சிதம்பரத்தில் சம்பந்தி வீட்டில் தங்கி, நடராஜர் கோயிலுக்குப் போனோம். செல்வி நெற்றியில் பூச நானும் விபூதி மடித்துக்கொண்டேன், அவர்களும் மடித்துக்கொண்டார்கள். எது கிடைக்கிறதோ அந்தக் காகிதத்தில் மடிப்பது நம்மூர் வழக்கம்தானே... பழைய காலண்டர் தாளோ, பேப்பர் துண்டோ, எதுவோ.

மெட்ராஸ் விமான நிலையத்தில் பாத்ரூம் போகும்போது, சம்பந்தி அம்மா அந்த விலாசக் காகிதத்தை என் கையில் கொடுத்தார்கள். "பத்திரமா வச்சிருங்க அண்ணி, தோ வந்துடுறேன்."

அந்த நேரம் பார்த்து, சோதனை செய்கிற பெண் என் சுருக்குப்பையைத் திறக்கச் சொன்னாள். விபூதிப் பொட்டலம் கிழிந்து கொட்டியது. சாமி விபூதி! காலில் மிதிபடப் போகிறதே என்ற பதைப்பில், கையில் இருந்த காகிதத்தில் வாரிப் போட்டு மடித்து, சுருக்குப்பையில் திணித்தேன். அது எந்தக் காகிதம் என்று புத்தியில் ஏறவே இல்லை. பின்னால் நின்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள். எனக்குக் கண் இருட்டியது.

விமானத்தில் நான் இடுப்பு பெல்ட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சம்பந்தி அம்மா சிரித்தார்கள். "என்னா அண்ணி, கண்டக்டரு விசிலு அடிச்சா எறங்கிடுவீங்க போல இருக்குதே!" எனக்கும் சிரிப்பு வந்தது. அவர்கள் பக்கத்தில் இருந்தால் பயம் கொஞ்சம் குறையும்.

பம்பாயில் டாக்ஸிக்குச் சீட்டு கொடுக்கும் இடத்தில் விலாசம் கேட்டான்.

"அண்ணி, அந்தக் காயிதம்?"

நான் கையைப் பார்த்தேன். வெறுங்கை!

உங்களுக்கு எப்படிச் சொல்வேன்... சுற்றிலும் புரியாத பாஷை. மகள் இந்த ஊரில் எங்கேயோ ஒரு வீட்டில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தனியாக... மாப்பிள்ளை கோபக்காரர். 'ஒரு காயிதத்த வச்சிக்கத் தெரியல உங்கம்மாவுக்கு' என்று ஆயுசுக்கும் என் மகளைக் குத்திக்காட்டுவாரே! அந்த ஒரு நினைப்புதான். வாய் தானாகத் திறந்தது.

"நீங்க பாத்ரூம்லேருந்து வந்ததும் உங்ககிட்டயே குடுத்துட்டனே அண்ணி!"

நாலு பேர் முன்னால் பேச வராத எனக்கு, அந்தப் பொய் மட்டும் எப்படித் தடுமாறாமல் வந்தது?

அவர்கள் என்னைச் சந்தேகப்படவே இல்லை. தரையில் உட்கார்ந்து கைப்பையைக் கொட்டினார்கள். மாத்திரை, கண்ணாடி, முறுக்கு, மாற்றுப் புடவை... மூன்று தடவை தேடினார்கள். "எங்க வச்சேன்? எங்கதான் வச்சேன்?" என்று முனகினார்கள். பிறகு எழுந்து, "செம்பூர்னு மட்டும் ஞாபகம் இருக்குது. வாங்க, பாத்துக்கலாம்" என்றார்கள்.

மழை கொட்டிக்கொண்டிருந்தது. டாக்ஸி செம்பூருக்குள் தெருத் தெருவாகச் சுற்றியது. எல்லா வீடும் ஒரே மாதிரி, அடுக்கு மேல் அடுக்கு. டாக்ஸிக்காரன் முதலில் சலித்துக்கொண்டான், பிறகு திட்டினான். கடைசியில் ஒரு பாலத்தின் அடியில் வண்டியை நிறுத்தி, எங்களை இறங்கச் சொல்லிக் கத்தினான். "நீங்க எறங்காதீங்க அண்ணி. அந்தக் கடையில தமிழு பேசுறாங்களான்னு கேட்டுட்டு வர்றேன்" என்று பையை என் மடியில் வைத்துவிட்டு, சம்பந்தி அம்மா மழையில் ஓடினார்கள். அறுபத்து மூன்று வயதில், புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு!

அவன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கத்துகிறான். நெற்றியில் விபூதி வைத்தாலாவது தைரியம் வருமா என்று சுருக்குப்பைக்குள் கைவிட்டேன். பொட்டலத்தைப் பிரித்தேன்.

விபூதிக்கு அடியில் மாப்பிள்ளையின் கையெழுத்து.

அப்போதாவது கூப்பிட்டிருக்கலாம். "அண்ணி! என்கிட்டதான் இருக்குது!" என்று ஒரு சத்தம். கேட்டால் சிரித்திருப்பார்கள், அவ்வளவுதான். அவர்கள் குணம் எனக்குத் தெரியாதா?

ஆனால் நான் என்ன செய்தேன்? விபூதியை முந்தானையில் கொட்டி முடிந்தேன். காகிதத்தை உதறி, மடியில் இருந்த அவர்கள் பையின் உள்ஜிப்பில் செருகினேன். அவர்கள் சொட்டச் சொட்ட நனைந்து திரும்பி வந்ததும் சொன்னேன்:

"அந்த உள்ஜிப்புல ஒருதடவ நல்லாப் பாருங்களேன் அண்ணி..."

எடுத்தார்கள். அந்த முகத்தை நான் சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன். காகிதம் கிடைத்த சந்தோஷம் அதில் இல்லை! பயம் இருந்தது. தன்னைப் பார்த்தே பயம்.

"இங்க மூணு தடவ பாத்தனே..." மூக்கின் அருகே வைத்து முகர்ந்தார்கள். "விபூதி வாசன வருது. நானேதான் கோயில் விபூதியோட வச்சிருக்கேன். எனக்கு என்னா அண்ணி ஆச்சு?"

அந்த இடத்திலிருந்து வீடு இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது.

வாசலிலேயே மாப்பிள்ளை நின்றார். செல்வி பயந்து போன் செய்ததில், ஆபீசிலிருந்து ஓடிவந்திருக்கிறார். சம்பந்தி அம்மா நடந்ததைச் சொன்னார்கள். "ஒரு காயிதம்மா! ஒரே ஒரு காயிதம்! ஒன்ன நம்பி அவுங்களையும் அனுப்புனன் பாரு!" பெற்ற தாயை அப்படிப் பேசினார். சம்பந்தி அம்மா ஈரப்புடவையோடு தலை குனிந்து நின்றார்கள். நான் சமையலறையில் தண்ணீர் குடிப்பது போல நின்றேன்.

செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், "நல்லவேள, நீ கூட இருந்தம்மா."

முந்தானை முடிச்சை அவிழ்த்து அவள் நெற்றியில் பூசினேன்.

குழந்தை பிறந்தது. "அம்மாவுக்கு மறதி" என்று சம்பந்தி அம்மாவைக் குழந்தையோடு தனியாக விடவில்லை. கேஸ் அடுப்பைத் தொட விடவில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகு, பால் வாங்கியது, கதவு பூட்டியது எல்லாவற்றையும் காலண்டரில் எழுத ஆரம்பித்தார்கள். மஞ்சக்குப்பத்துக்கு வருவது நின்றது. பிறகு கோயிலுக்கும் துணை தேடினார்கள். டாக்டர் முதலில் ஒன்றும் இல்லை என்றார். இப்போது இருக்கிறது என்கிறார்.

வயதானால் வருவதுதானே என்கிறார்கள் எல்லோரும். அப்படித்தானா? தானாக வந்ததா... இல்லை, பாலத்தடியில் நான் செருகிவிட்டு வந்ததா? உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். வேண்டாம், சொல்லாதீர்கள். பயமாக இருக்கிறது!

போன மாதம் சிதம்பரம் போயிருந்தேன். என்னை அடையாளம் தெரிந்தது. பழைய பம்பாய்ப் பையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்கள்.

"இந்த வூட்டு அட்ரஸ ஒரு காயிதத்துல எழுதிக் குடுங்க அண்ணி. தெருவுல போனா வழி தெரியாமப் போயிடுது. உங்க எழுத்து குண்டு குண்டா நல்லா இருக்கும்."

எழுதினேன். வாங்கி மடித்தார்கள். பிறகு என் முகத்தையே பார்த்தார்கள்.

"அன்னிக்கும் நானேதான வச்சேன்... இல்ல அண்ணி?"

வீட்டில் வேறு யாரும் இல்லை. வாசல் கதவுகூடச் சாத்தியிருந்தது. ஆறு வருடமாக நான் பயந்த மாப்பிள்ளை பம்பாயில் இருந்தார். சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைக்காது.

"ஆமா அண்ணி" என்றேன். "நீங்கதான் வச்சீங்க."

தலையாட்டினார்கள். உள்ஜிப்பைத் திறந்து, நான் எழுதிய காகிதத்தை அதே இடத்தில் வைத்துக்கொண்டார்கள்.